மாற்றிப் போட்டுப் பார்த்தவள்

அவளை நான் ஒருமுறைகூட அக்கா என்று கூப்பிட்டதில்லை. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். எங்கள் துறையில் மலையாளிகள் உட்பட எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த நான் மட்டும் "டீச்சர்" என்றேன். திருவனந்தபுரத்தில் கல்லூரியில் பாடம் எடுக்கிற பெண்ணை டீச்சர் என்று கூப்பிடுவது மரியாதைதான் என்பதால் யாருக்கும் அது உறுத்தவில்லை. அவளுக்கு மட்டும் புரிந்திருந்தது.

"ஒனக்க வாயில அக்கா வராது, இல்லியா பிள்ளே?" என்று ஒருநாள் கேட்டாள். கோபமில்லாமல் கேட்டாள். நானும் சிரித்துவைத்தேன்.

அவள் குழித்துறைப் பக்கத்துக்காரி. காலை பாசஞ்சர் ரயிலில் தம்பானூர் ஸ்டேஷன் வந்து இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வருவாள். நாங்கள் இருவரும் கணினி அறிவியல் துறையில் கெஸ்ட் லெக்சரர்கள். நான் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்தவள். முனைவர் பட்டத்துக்கும் அங்கேயே பதிந்திருந்தேன். துறைத்தலைவர் வெளியாட்களிடம் என்னைக் காட்டி "நம்முடெ தமிழத்தி, மிடுக்கி" என்று பெருமையாகச் சொல்வார், நம் தமிழ்ப்பெண், கெட்டிக்காரி என்று. அவள் வந்த பிறகு துறையில் இரண்டு தமிழச்சிகள் ஆகிவிட்டோம். அடையாளம் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்ததால் அவள் "அக்கா" ஆனாள். நான் "மற்றே ஆள்" ஆனேன். அதாவது, அந்த இன்னொருத்தி.

நெடுநெடுவென்று இருப்பாள். கைக்கடிகாரத்தை வலது கையில் கட்டுவாள். சிரிப்பு வந்தால் பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், துறைத்தலைவரே ஆனாலும். அவளிடம் வேறொரு வழக்கமும் இருந்தது. ஏதாவது விவாதம் தொடங்கினால், மேஜைமேல் கிடக்கிற இரண்டு பொருட்களை எடுத்து இடம் மாற்றி வைப்பாள். என் பேனா அவள் பக்கம் போகும், அவளுடைய கண்ணாடிக்கூடு என் பக்கம் வரும். பிறகு கேட்பாள்: "மாத்திப் போட்டுப் பாப்பமா?"

அதுதான் அவள். வேறு எதைச் சொன்னாலும் இதைச் சொல்லாவிட்டால் அவளைச் சொன்னதாகாது. ஒருவரைப் பற்றி ஒரு தீர்ப்பு வந்தால், அந்த இடத்தில் வேறொருவரை வைத்து அதே தீர்ப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வாள்.

வருகைப்பதிவு குறைந்த இரண்டு மாணவர்களைத் தேர்வு எழுத அனுமதிப்பதா என்று ஒருமுறை பேச்சு வந்தது. ஒருவன் மூத்த பேராசிரியர் ஒருவரின் மகன். இன்னொருத்தி விழிஞ்ஞத்திலிருந்து வருகிற பெண், அப்பா கடலுக்குப் போகிறவர். பையனுக்குக் காய்ச்சலாம், விட்டுவிடலாம் என்றார்கள். பெண் பொறுப்பில்லாதவள் என்றார்கள். அவள் மேஜைமேல் இருந்த இரண்டு தேநீர்க் கோப்பைகளை இடம் மாற்றி வைத்தாள்.

"சாரே, ஒண்ணு மாத்திப் போட்டுப் பாப்பம். இந்தப் பிள்ள காய்ச்சல்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பமா? அவன் சும்மா வராம இருந்திருந்தா, பொறுப்பில்லாதவன்னு சொல்லியிருப்பமா?"

இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். இரண்டு பேரும் தேர்வு எழுதினார்கள். அந்தக் கேள்வி எனக்கும் தோன்றியிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே தோன்றியிருந்தது. கேட்டவள் அவள் என்பதால் எல்லோரும் அதை அவளுடைய கேள்வியாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கல்லூரியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சாலைக் கடைத்தெருவில் எங்கள் அப்பாவுக்குத் துணிக்கடை. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம்வயதில் வந்தவர். ஓணத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் சேலை எடுக்க வந்தாள். அந்த நேரம் பார்த்து, ஒரு விற்பனையாளர் ரவிக்கைத் துணியை அளவு குறைத்து வெட்டிவிட்டார். அப்பா வாடிக்கையாளர்கள் முன்னால் அவரைப் பிடித்துக் கத்தினார். அதற்கு முந்தின வாரம்தான், கூட்டம் என்று உதவிக்குப் போன நான் அதே தவறைச் செய்திருந்தேன். அப்பா "பிஎச்டிக்காரிக்குத் துணி வெட்டத் தெரியல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதை வேடிக்கையாக அவளிடம் நான்தான் சொல்லியிருந்தேன்.

"அண்ணாச்சி, போன வாரம் ஒங்க மக வெட்டினப்போ சிரிச்சியளாமே?" என்றாள் அவள், சேலையை மடித்தபடி.

அப்பா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அந்த விற்பனையாளரிடம், "சரிப்பா, போ. போயி டீயக் குடிச்சிட்டு வா" என்றார். அன்று சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் ஆரம்பித்தார்: "அந்தப் பிள்ள கேட்டா பாரு ஒரு கேள்வி!" பல மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் முனைவர் பட்ட ஆய்வில் என்ன செய்கிறேன் என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று வாரம் தவறாமல் கேட்டார்.

இனி என் ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதியிருந்தேன். பல வருட விடைத்தாள்களையும், அவற்றுக்கு எங்கள் ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்களையும் கொடுத்து அதைப் பழக்கியிருந்தேன். புதிய கட்டுரை ஒன்றைக் கொடுத்தால் அதுவே மதிப்பெண் போட்டுவிடும். ஆசிரியர்கள் போடுகிற மதிப்பெண்ணுக்கு மிக அருகில் போட்டது. துறைத்தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "இனி ஆரும் பட்சபாதம்னு பறயில்ல கேட்டோ, மெஷின் அல்லே!" என்றார். இனி யாரும் பாரபட்சம் என்று சொல்ல முடியாது என்பதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். அந்தப் பருவம் முதுகலை மாணவர்களின் கருத்தரங்கக் கட்டுரைகளுக்கு அதையே சோதனையாகப் பயன்படுத்தினோம். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் இடம் கிடைத்தால் மேற்படிப்புக்குக் கதவு திறந்த மாதிரி.

அந்தச் சில வாரங்கள் நான் மறுபடியும் "நம்முடெ தமிழத்தி" ஆனேன்.

ஒரு மதியம் அவள் என் மேஜைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பிள்ளே, ஒன்கிட்டதான் முதல்ல சொல்லணும். வேற யாருகிட்டயும் சொல்லல."

நல்ல கட்டுரைகள் சிலவற்றை எடுத்து, விஷயம் எதையும் மாற்றாமல், மொழியை மட்டும் மாற்றி எழுதியிருந்தாள். தமிழ்வழியிலோ மலையாளவழியிலோ பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரியில் முதன்முதலாக ஆங்கிலத்தில் எழுதுகிற பிள்ளைகள் எப்படி எழுதுவார்களோ அப்படி. சின்னச் சின்ன வாக்கியங்கள், அலங்காரமில்லாத சொற்கள். அவளுக்கு அது சிரமமாக இருந்திருக்காது, பன்னிரண்டாம் வகுப்புவரை அவள் படித்ததே தமிழ்வழியில்தான். என் நிரல் அந்தக் கட்டுரைகளின் மதிப்பெண்ணை மளமளவென்று குறைத்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லாத கட்டுரை ஒன்றைப் பெரிய பெரிய சொற்களில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்கு வாரிக் கொடுத்திருந்தது.

"அதுக்கு ஆளத் தெரியாது டீச்சர்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "பேரு தெரியாது, ஜாதி தெரியாது, எந்த ஸ்கூல்னு தெரியாது. அது வெறும் மெஷின் அல்லே?"

"மெஷினுக்குத் தெரியாதுதான். நம்ம பழைய மார்க்குக்குத் தெரியும்லா? நம்மகிட்ட இருந்துதானே அது படிச்சுது."

அவள் சொன்னது சரி என்பதைவிட, அவள் அதை முதலில் என்னிடம் வந்து சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேரே துறைத்தலைவரிடம் போயிருந்தால் அவளைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். அந்த வசதியைக்கூட அவள் எனக்குத் தரவில்லை.

ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறாள் என்றதும் நான் எதிர்த்துப் பேசத் தயாராகவே போனேன். மற்றவர்களும் தயாராகத்தான் வந்திருந்தார்கள். பழைய மதிப்பெண்ணில் கோளாறு என்றால் மதிப்பெண் போட்ட எல்லோர்மேலும் கோளாறு என்றுதானே அர்த்தம். மூத்த பேராசிரியர் கையைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அவள் திரையில் போட்ட முதல் படம் என் நிரலைப் பற்றியதல்ல.

"இது நான் போட்ட மார்க்கு" என்றாள். போன வருடம் தான் திருத்திய கட்டுரைகளைப் பெயரை மறைத்துவிட்டு மறுபடி ஒருமுறை திருத்தியிருக்கிறாள். சில பிள்ளைகளுக்கு முன்பு கூடுதலாகப் போட்டிருப்பது தெரியவந்தது. யார் அவர்கள் என்று பார்த்தால் எல்லோரும் அவளோடு காலை பாசஞ்சரில் வருகிறவர்கள்.

"தெனமும் ரெயில்ல பாக்கேன். நின்னுக்கிட்டே படிச்சிட்டு வருதுக. மனசு அங்க சாஞ்சுபோச்சு. நான் வேணும்னு செய்யல. ஆனா செஞ்சிருக்கேன்."

மூத்த பேராசிரியர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தன் தவறைத் தானே திரையில் போட்டவள்மேல் கல்லெறிய யாருக்கும் மனம் வரவில்லை. நான் பின்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றம் சொன்னவளும் அவள், குற்றம் செய்தவளும் அவள், கடைசியில் எல்லோரும் மரியாதையோடு பார்த்ததும் அவளைத்தான். நான் ஒரு தவறும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன், என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

"அப்போ மெஷின் பின்னெ எந்தினா?" என்றார் துறைத்தலைவர். அப்படியானால் இந்த இயந்திரம் எதற்கு என்று.

"நம்மளெ நோக்கானாணு, சாரே" என்றாள். நம்மைக் கவனித்துப் பார்க்க.

அன்று முடிவானது இதுதான். நிரல் இனி மதிப்பெண் போடாது. ஆசிரியர்கள் பெயர் பார்க்காமல் போடுவார்கள். எங்கே விஷயத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் பொருந்தாமல் இருக்கிறதோ, அந்தக் கட்டுரையை வேறோர் ஆசிரியர் மறுபடி படிக்க வேண்டும் என்று நிரல் சுட்டிக்காட்டும். ஏன் இந்த மதிப்பெண் என்று கேட்க மாணவருக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு பருவமும் நிரலையும் சோதித்துப் பார்க்க வேண்டும். அவள் எழுதிய எளிய ஆங்கிலக் கட்டுரைகளை நிறையச் சேர்த்து நான் நிரலைத் திரும்பப் பழக்கினேன். மனம் புழுங்கிக்கொண்டேதான் செய்தேன். முடித்தபோது அது முன்பைவிட நல்ல நிரலாகிவிட்டிருந்தது.

அந்தப் பருவத்துக் கட்டுரைகளைத் திரும்பப் படித்ததில், பாறசாலைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டு வந்த ஒரு பெண்ணுக்கு ஆய்வுத் திட்டத்தில் இடம் கிடைத்தது. பட்டியலிலேயே இல்லாமலிருந்தவள். நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு நன்றி சொல்ல வந்தாள். என் மேஜையைத் தாண்டித்தான் டீச்சருடைய மேஜைக்குப் போக வேண்டும். தாண்டிப் போனாள்.

"எனக்கிட்ட என்னத்துக்கு? அவங்களுக்குச் சொல்லு. புரோகிராம் எழுதினது அவங்க" என்று அவள் என்னைக் காட்டினாள்.

அந்தப் பெண் திரும்பி வந்து எனக்கும் நன்றி சொன்னாள். சொல்லச் சொல்லி வாங்கிக்கொண்ட நன்றி. வறுவலை அவள் எழுந்து வந்து என் மேஜையில் வைத்துப் பிரித்தாள். நான் வயிறு சரியில்லை என்றேன்.

இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் என் பெயரை முதலில் போட்டாள். ஏன் என்று கேட்டேன். "நீதானே செஞ்ச. நான் கொறதானே சொன்னேன்" என்றாள். அவள் தன் பெயரை முதலில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் எவ்வளவு ஏங்கினேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரே ஒருமுறை அவள் எனக்கு அநியாயம் செய்திருந்தால் போதும், நிம்மதியாக அவளை வெறுத்திருப்பேன்.

பிறகு நிரந்தரப் பணியிடம் ஒன்று வந்தது. ஒரே இடம். நானும் விண்ணப்பித்தேன், அவளும் விண்ணப்பித்தாள். வெளியிலிருந்தும் பலர். விண்ணப்பதாரர்கள் எழுதித் தருகிற பாடக்குறிப்பைத் தரம் பிரிக்க நம் நிரலையே பயன்படுத்தலாம் என்று நிர்வாகத்துக்கு ஓர் ஆசை. அதற்குள் நிரலுக்குக் கல்லூரியில் நல்ல பெயர் வந்திருந்தது.

அந்த நாட்களில் ஒருநாள் அவள் என்னிடம், "ஒனக்க பழைய பாடக்குறிப்பு ஒண்ணு தாயேன்" என்று கேட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்து எழுதப் போகிறாள் என்று ஒரு கணம் மனம் துள்ளியது. அவளுக்கும் என்னிடம் எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. கொடுத்தேன்.

இரண்டொரு நாளில் துறைத்தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் மேஜையில் இரண்டு குறிப்புகள் இருந்தன. ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது. நிரல் அவளுடையதை உயர்த்தி வைத்திருந்தது. என் குறிப்பின் விஷயத்தை அப்படியே தன் நடையில் மாற்றி எழுதி அவள் கொடுத்தபோது அதையும் உயர்த்தியிருந்தது.

"சாரே, இத இந்தக் காரியத்துக்கு எடுக்கண்டாம். அதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்ததே எனக்க எழுத்து. எனக்க எழுத்தப் பாத்தா அதுக்கு வீட்டு ஆளு வந்த மாதிரி" என்றாள்.

"வேறே ஆரும் அறிஞ்ஞில்லல்லோ" என்றார் அவர் மெதுவாக. வேறு யாருக்கும் தெரியாதே. அவருக்கு அவள்தான் வர வேண்டும் என்று இருந்தது. அது எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது.

"இப்போ நாம மூணு பேரும் அறிஞ்சாச்சுல்லா, சாரே."

நிரலை ஒதுக்கிவிட்டார்கள். வெளியூர்ப் பேராசிரியர்கள் பெயர் தெரியாமல் குறிப்புகளைப் படித்தார்கள். மாணவர்கள் முன்னால் வகுப்பெடுக்கச் சொன்னார்கள். வேலை எனக்குக் கிடைத்தது. அவள் அடுத்த இடத்தில் வந்தாள்.

முடிவு தெரிந்த சாயங்காலம் அவளை என் ஸ்கூட்டரில் தம்பானூரில் கொண்டுவிட்டேன். பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"டீச்சர், எனக்காகவா அப்படிச் செஞ்சீங்க?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அவளை அப்படி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"ஒனக்கு வேண்டியா? போடி அங்கால. அந்த வேல எனக்கு வேணும் பிள்ளே. உள்ளதத்தான் சொல்லுகேன். ஒன்ன நல்லாத் தோக்கடிக்கணும்னுதான் அவ்வளவு கஷ்டமான பாடத்த எடுத்துக்கிட்டு நின்னேன். நீ என்னவிட நல்லா எடுத்துப்போட்ட. அதுக்கு நான் என்ன செய்ய?"

ரயில் வந்தது. கூட்டத்தில் ஏறி, உட்கார இடம் கிடைக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளிருந்து கையை ஆட்டினாள். அந்தச் சில நிமிடங்கள் எனக்கு அவள்மேல் பொறாமை இல்லை. வேறு என்னவோ இருந்தது. ரயில் நகர்ந்து பிளாட்பாரம் காலியானதும் பழையது திரும்பி வந்துவிட்டது. அவள் தோற்றவளாகவே போகவில்லை என்று தோன்றியது. ஜெயித்த நான் ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருடம் அவள் வெளிநாட்டுக்குப் போனாள். இப்படிப்பட்ட நிரல்கள் யாரை ஒதுக்குகின்றன என்று சோதிக்கிற ஆய்வுக்குழு ஒன்றில் சேர்ந்தாள். முதலில் அடிக்கடி எழுதினாள், பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். நிரலை இப்போதும் கல்லூரியில் பயன்படுத்துகிறோம். அதைக் கவனிக்கிற குழுவுக்கு நான்தான் பொறுப்பு. ஒவ்வொரு பருவமும் சோதிக்கிறேன். ஒழுங்காகவே செய்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்விதழ் எனக்கு ஒரு கட்டுரையை மதிப்பிட அனுப்பியது. எங்கள் வழக்கப்படி எழுதியவர் பெயர் இருக்காது, மதிப்பிடுகிறவர் பெயரும் அவருக்குத் தெரியாது. இரண்டாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வாக்கியங்கள். முதல் சோதனையே எழுதியவர் தம்மேல் நடத்திக்கொண்டது.

கட்டுரையைப் பல நாள் வைத்திருந்தேன். குறை தேடித் தேடிப் படித்தேன். ஒன்று கிடைத்தது. உண்மையான குறைதான், சின்னதல்ல. சந்தோஷமாகக் குறித்துவைத்தேன். மேலே படித்துக்கொண்டு போனால், கடைசிப் பக்கத்துக்கு முன் பக்கத்தில் அதே குறையை அவளே சொல்லியிருந்தாள், என்னைவிடக் கடுமையாக.

எழுதியவர் யாரென்று எனக்குத் தெரிகிறது, ஆகவே நான் மதிப்பிடுவது சரியல்ல என்று இதழின் ஆசிரியர் குழுவுக்கு எழுதிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. இன்னொரு மதிப்பீட்டாளரும் இதே காரணத்தைச் சொல்லித் திருப்பிவிட்டதாகவும், எழுதியவரை அடையாளம் தெரியாத ஆளைத் தேடிக்கொண்டிருப்பதாகவும் அதில் எழுதியிருந்தார்கள்.

அந்தச் சமயம் என் கட்டுரை ஒன்றும் வேறோர் இதழில் இருந்தது. அதுவும் பெயரில்லாமல்தான் போயிருந்தது. அடுத்த வாரம் அதற்கான இரண்டு மதிப்பீடுகளும் ஒழுங்காக, சொன்ன நேரத்தில் வந்து சேர்ந்தன. யாரும் திருப்பி அனுப்பவில்லை. எழுதியது யாரென்று இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை.